உப்புத் தூவிய சாலைகளில் குளிர்காலப் பிரயாணம்



மார்கழி பிறந்துவிட்டால் ராமாபுரத்தைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் தங்கள் வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுகிறார்கள். கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக ராமாபுரம் வந்து, அங்கிருந்து கர்கேகண்டி, பர்கூர் மலை வழியே அந்தியூருக்கு இறங்குகிற பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். மூடுபனி படர்ந்த விடியற்காலையில் பத்தடி தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி, யானை குறுக்கே நிற்குமோ என்று பயந்து பயந்து செல்லவேண்டும். ஆயினும் சூரியன் ஏறி எட்டு மணியாகிவிட்டால் பனி கலைந்துபோகும். பாதை மறுபடியும் நம்முடையதாகிவிடும்.

1956 வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தோடும், பின்பு 1997 வரையில் மைசூர் மாவட்டத்தோடும், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்தோடும் சேர்ந்திருக்கிற பகுதி இது. தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகிற இவ்விடத்திலிருந்து பிழைப்பைத் தேடி முதலில் மைசூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் படித்து முன்னேறி, இன்று கனடா தேசத்தின் டொராண்டோ மாநகரம் வரைக்கும் போய்க் குடியேறியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறு போயிருக்கலாம், அல்லது போக ஆயத்தப்பட்டுக்கொண்டிருக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க நீங்களே ஒரு குளிர்காலத்தில் அங்கே போகும்படி நேரிடலாம். அங்கே சாலையில் விழுகிற பனி எட்டு மணிக்குக் கலைகிற பனி அன்று. ஆகையால் அந்தச் சாலைகளைப் பற்றியும், அவற்றின்மேல் கொட்டப்படுகிற உப்பைப் பற்றியும், அந்த உப்பு செய்கிற நன்மை தீமைகளைப் பற்றியும் இவ்விதழில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பனி என்னும் ஒரு சொல்

நம்முடைய மொழியில் பனி என்பது ஒரே சொல். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. மலைமேல் படரும் புகைபோன்ற மூட்டமும் பனி. டொராண்டோவில் குடியேறிய நம்முடைய ஜனங்களுக்கு இந்த ஒரு சொல் போதவில்லை. பஞ்சுபோல் விழுவதை 'ஸ்னோ' என்றே சொல்லிவிடுகிறார்கள். விழுந்தது மிதிபட்டு இறுகிக் கல்லாவது வேறு. மழையாக விழுந்து தரையைத் தொட்டவுடனே கண்ணாடிபோல் உறைவது வேறு. இவையெல்லாவற்றிலும் பொல்லாதது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம். அது தார்ச்சாலையின் கருமை ஊடுருவித் தெரியுமளவுக்குத் தெளிவாக இருப்பதால், அதைக் 'கரும்பனிக்கட்டி' என்று சொல்லுகிறார்கள். ஓட்டுகிறவனுக்கு அது நனைந்த சாலைபோல் தோன்றும். பிரேக்கில் கால் வைத்தபின்புதான் உண்மை விளங்கும்.

பாலங்களின்மேல் இந்தப் படலம் முதலில் உண்டாகிறது. சாதாரணச் சாலைக்குக் கீழே மண் இருக்கிறது. மண் தன் வெப்பத்தைச் சீக்கிரத்தில் இழப்பதில்லை. பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்ந்த காற்றே உண்டு. ஆகையால் சாலை ஈரமாக மட்டும் இருக்கிற நேரத்தில் பாலம் உறைந்துபோயிருக்கும்.

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் ஆகிய இடங்களில் தமிழர் திரளாய் வாழ்கிறார்கள். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களே அவர்களில் மிகுதியானோர். நம்முடைய தேசத்திலிருந்து போனவர்களும் உண்டு. ஒண்டாரியோ மாகாணம் 2014ஆம் ஆண்டிலும், கனடாவின் நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டிலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்தன. தை பிறக்கும் அந்த மாதமே அங்கே குளிர் மிகுந்த மாதம். சில இரவுகளில் வெப்பமானி மைனஸ் 20 டிகிரிக்கும் இறங்கும். ஆனாலும் வேலை நிற்பதில்லை. கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் விடியற்காலை முறைக்குப் போகிறவர்கள், இரவு முறை முடித்துத் திரும்புகிறவர்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், வீடு வீடாய் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற மாணவர்கள், இவர்களெல்லாரும் அந்தச் சாலைகளில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

கடலடியில் அன்று, ஏரியடியில்

உப்பு என்றவுடன் நமக்குத் தூத்துக்குடியும் வேதாரண்யமும் நினைவுக்கு வருகின்றன. கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவைத்து, வாரி எடுக்கிற உப்பே நாம் அறிந்த உப்பு. டொராண்டோ பக்கத்துச் சாலைகளில் தூவப்படுவதோ பெரும்பாலும் பாறை உப்பு. ஒண்டாரியோவில் ஹூரான் ஏரிக்கரையிலுள்ள காட்ரிச் என்னும் ஊரில், 1866ஆம் ஆண்டு எண்ணெய் கிடைக்குமோ என்று பூமியைத் துளையிட்டவர்கள் உப்புப் பாறையைக் கண்டார்கள். 1959ஆம் ஆண்டு முதல் அங்கே சுரங்கம் நடந்துவருகிறது. ஏரியின் அடித்தளத்துக்கும் கீழே, ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில், லாரிகள் ஓடுமளவுக்கு அகன்ற பாதைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. உலகத்திலுள்ள நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் இதுவே மிகப் பெரியது.

டொராண்டோ மாநகராட்சி மட்டும் ஒரு குளிர்காலத்தில் ஒரு இலட்சம் டன்னுக்கும் அதிகமான உப்பைச் சாலைகளில் இடுகிறது. கனடா தேசம் முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலட்சம் டன் செலவாகிறது. இருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு முறை தூவுவதற்கே 100 கிலோவுக்கு மேற்பட்டும் இடுவதுண்டு. ஒரு கிலோ பொட்டலத்தை இரண்டு மாதம் வைத்துச் சமைக்கிற நம்முடைய வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது.

உப்பு எப்படி வேலை செய்கிறது?

உப்பு சூடு தருவதால் பனிக்கட்டி உருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. சுத்தமான நீர் 0 டிகிரியில் உறைகிறது. அதில் உப்பு கரைந்தால் உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டியதாகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் எப்போதும் உண்டு. உப்பு அதில் கரைந்து உப்புநீராகிறது. அந்த உப்புநீர் அடுத்த படலத்தைக் கரைக்கிறது. இவ்வாறு அது கீழே இறங்கி, பனிக்கட்டி தாரோடு கொண்டிருக்கிற பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. அதன்பின் பனிவாரும் வண்டி வந்து அதைத் தள்ளிவிடும். முழுவதையும் உருக்கிவிடுவது உப்பின் வேலை அன்று. பிடிப்பை அறுப்பதே அதன் வேலை.

நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள நீர் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் உறையாது. ஆயினும் இது சோதனைச்சாலைக் கணக்கு. சாலையிலே மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடுகிறது. அப்பொழுது கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்ற வேறு உப்புகளைச் சேர்க்கிறார்கள். அல்லது வழுக்காமல் பிடிப்புக் கொடுக்கும்படி மணலைத் தூவுகிறார்கள். டொராண்டோவில் குளிர் 0 டிகிரிக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குவதால், பகலில் உருகியது இரவில் உறைகிறது. அந்த ஊருக்கு இவ்வளவு உப்பு தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

பனி விழுவதற்கு முந்தின நாளில் அங்கே போகிறவர்கள், சாலையில் நீளவாக்கில் வெண்மையான கோடுகள் வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். அவை முன்னதாகவே ஊற்றப்பட்ட உப்புநீர் காய்ந்த தடங்கள். உலர்ந்த உப்புக்கல்லை ஓடுகிற வண்டியிலிருந்து வீசினால் அதில் கணிசமான பங்கு துள்ளி ஓரத்துச் சாக்கடையில் போய் விழும். உப்புநீராக முன்கூட்டியே ஊற்றினால் குறைந்த உப்பே போதும். பனிக்கட்டி தாரைப் பற்றிக்கொள்வதற்கு முன்பே அது தடுத்துவிடும்.

ஓட்டுகிறவர் அறியவேண்டியவை

அங்கே ஜூலை மாதத்தில் சோதனை எழுதி உரிமம் பெற்ற ஒருவர், பனியை ஒருநாளும் காணாமலே நவம்பர் மாதத்துச் சாலையில் இறங்கிவிடலாம். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். அந்தச் சாலையில் நிறுத்தத் தெரியாது. உங்கள் பிள்ளை புதிதாகப் போயிருந்தால் பின்வரும் காரியங்களை அவர் அறிந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

முதலாவது, டயர். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிச் சாலையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் மென்மையாயிருக்கும்படி செய்யப்பட்டது; மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த அடையாளம் அதன் பக்கவாட்டில் உண்டு. கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் அது சட்டப்படி கட்டாயம். ஒண்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கவேண்டும் என்பது விதி. பணம் போதாது என்று முன்சக்கரங்களுக்கு மட்டும் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பின்பக்கம் சறுக்கி வண்டி சுழலக்கூடும், நான்கிற்கும் போடவேண்டும்.

இரண்டாவது, தூரம். உலர்ந்த சாலையில் விடுகிற இடைவெளியைப்போல் பல மடங்கு விடவேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தலும், திடீரென்று வளைத்தலும், திடீரென்று வேகம் கூட்டுதலும் கூடாது. பின்சக்கரம் சறுக்கினால் பிரேக்கை மிதியாமல், வேகம் கூட்டும் மிதியிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய திசையை நோக்கியே பார்த்துக்கொண்டு மெதுவாகத் திருப்பவேண்டும். மோதிவிடுவோமோ என்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கைகளும் வண்டியைக் கம்பத்துக்கே கொண்டுபோகும்.

மூன்றாவது, கண்ணாடி. முன்னே போகிற லாரியின் சக்கரங்கள் உப்புச்சேற்றை வாரி இறைக்கும். அது கண்ணாடியில் படிந்து வெண்மையாய்க் காய்ந்து ஒரு நொடியில் வழியை மறைத்துவிடும். மைனஸ் 40 டிகிரியிலும் உறையாத நீலநிறக் கழுவுநீரை வண்டியில் நிரப்பியே வைத்திருக்கவேண்டும். அது தீர்ந்துபோன வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

நான்காவது, புகை. பனிக்குவியலில் சிக்கிக்கொண்ட வண்டிக்குள் சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள், முதலில் இறங்கிப் பின்புறப் புகைக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டு முற்றத்தில் வண்டியைச் சூடாக்கி, உள்ளே பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, வெளியே நின்று பனி வாருகிற தகப்பன்மார் இதை விசேஷமாய்க் கவனிக்கவேண்டும்.

இரும்பைத் தின்னும் உப்பு

பாம்பன் பாலத்தை நாம் அறிவோம். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த ரயில்பாலம் உப்புக்காற்றோடு நூறு ஆண்டுகளுக்கும் மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவது நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. கடற்கரையில் வீடு கட்டினவர்கள் சன்னல் கம்பி எத்தனை சீக்கிரத்தில் உதிர்ந்துபோகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். கடலே இல்லாத டொராண்டோவில், மனிதர் தாமே ஒரு கடலைக் கொண்டுவந்து சாலையில் ஊற்றுகிறார்கள்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அந்த வேலை துரிதமாகிறது. மேலும் உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின்மேல் இயல்பாய் உண்டாகிற பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடுகிறது. காரின் சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, எரிபொருள் குழாய், பிரேக் எண்ணெய்க் குழாய் ஆகியவை முதலில் கெடுகின்றன. பெயின்ட் குமிழ்போல் எழும்பினால் அதற்கு உள்ளே துரு வேலை செய்து முடித்துவிட்டது என்று பொருள். 2015 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, பழைய வண்டிகளின் பிரேக் குழாய்கள் உப்பினால் அரிக்கப்பட்டு உடைவதைக் குறித்து எச்சரித்து, குளிர்காலத்தில் வண்டியின் அடிப்பகுதியை அடிக்கடி கழுவும்படி ஜனங்களுக்குப் புத்திசொன்னது.

சூடான கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தினால் நல்லது என்று நாம் எண்ணுவோம். ஆனால் உப்புச்சேறு ஒட்டிய வண்டியைக் கழுவாமல் வெதுவெதுப்பான கொட்டகையில் விட்டால், உறைந்திருந்த உப்பு கரைந்து துரு இன்னும் வேகமாய்ப் பரவும். வெளியே கடுங்குளிரில் அது ஏறக்குறைய உறங்கிக்கிடக்கும். உறைநிலைக்கு மேலே வெப்பம் வருகிற நாளைப் பார்த்து அடிப்பகுதியோடு கழுவுவதும், குளிர்காலத்துக்கு முன்னே துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும், வசந்தகாலம் வந்தவுடன் ஒருமுறை முழுவதும் அலசுவதும் வண்டியின் ஆயுளைக் கூட்டும்.

புதிதாய்ப் போகிற பிள்ளைகள் கையிலுள்ள சிறு பணத்தில் பழைய கார் வாங்குகிறார்கள். மேலே மினுமினுப்பு, உள்ளே மெத்தை, விலையும் மலிவு. வாங்குவதற்கு முன் விற்கிறவரைச் சாராத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவாகிற பணம் வீண்போகாது. பிரேக் குழாய் உடைகிற நேரத்தை நாம் தெரிந்துகொள்ள முடியாது. அது பெரும்பாலும் பலமாய் மிதிக்கிற நேரமாகவே இருக்கும்.

கூரையிலிருந்து இறங்கிய உப்பு

உப்பு காரை மட்டும் தின்பதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக்கம்பியைக் கான்கிரீட்டின் காரத்தன்மை காக்கிறது. குளோரைடு மெல்ல மெல்ல ஊறி அந்தக் கம்பியைச் சேர்ந்துவிட்டால் காவல் போய்விடும். துருவானது இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. டொராண்டோவின் ஏரிக்கரையை ஒட்டி உயரத்தில் செல்லும் கார்டினர் விரைவுச்சாலையிலிருந்து 2012ஆம் ஆண்டு கான்கிரீட் துண்டுகள் பெயர்ந்து கீழே விழுந்தன. அதைப் பழுதுபார்க்க இன்றைக்கும் பெருந்தொகை செலவாகிக்கொண்டிருக்கிறது.

அதே 2012ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, ஒண்டாரியோவின் எலியட் லேக் என்னும் சிற்றூரில் ஒரு வணிக வளாகத்தின் கூரை இடிந்து விழுந்தது. அந்தக் கூரையின்மேல்தான் கார்கள் நிறுத்தப்பட்டுவந்தன. 1980ஆம் ஆண்டையொட்டித் திறக்கப்பட்ட நாள்முதல் அந்தக் கூரை ஒழுகியது. கார்களோடு வந்த உப்பும், உருகின பனிநீரும் இறங்கி, இரும்பு உத்திரங்கள் இணைகிற இடத்தை மூன்று பதிற்றாண்டுகளாய் அரித்தன. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள், பலர் காயமடைந்தார்கள். 2014 அக்டோபரில் வெளியான விசாரணை ஆணையத்தின் அறிக்கை, இரும்பின் துருவைச் சொன்னதோடு நில்லாமல் மனிதரின் குறையையும் வெளிப்படுத்தியது. ஒழுகல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உரிமையாளர்கள் மாறினார்கள், பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், புகார்கள் எழுதப்பட்டன. வாளி வைத்துத் தண்ணீரைப் பிடித்தார்களேயல்லாமல் கூரையைச் சரிசெய்தவர் எவருமில்லை.

வாசகரே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். உப்பு அங்கே முப்பது ஆண்டுகள் அவகாசம் கொடுத்தது. சரிசெய்வதற்கு நாள் இல்லாமல் போகவில்லை. மனம்தான் இல்லாமல் போயிற்று.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும்

சாலையில் இட்ட உப்பு மறைந்துபோவதில்லை. உருகின நீரோடு சாக்கடைக்கும், ஓடைக்கும், ஏரிக்கும் போகிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்கி ஊற்றுநீரோடு கலக்கிறது. குளோரைடு மட்கிப்போகிற பொருளன்று; சாதாரண வடிகட்டுதலினால் நீங்கிவிடுவதும் அன்று. 2001ஆம் ஆண்டிலேயே கனடா அரசு ஐந்தாண்டுகள் ஆராய்ந்து, சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்கிறது என்று சட்டப்படி முடிவு செய்தது. 2004ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 500 டன்னுக்கு மேல் பயன்படுத்துகிற சாலை நிர்வாகங்களுக்கு நடைமுறை நெறிகளையும் வகுத்தது. உப்பை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் சாலையில் உயிர்கள் போகும். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் இடுங்கள் என்பதே அந்நெறிகளின் சாரம்.

நன்னீரில் வாழும் உயிர்கள் நெடுநாள் தாங்கக்கூடிய அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு என்றும், குறுகிய காலத்துக்கு 640 மில்லிகிராம் என்றும் கனடா வரையறுத்திருக்கிறது. டொராண்டோ பக்கத்து நகர ஓடைகளில் உப்பு உருகி வருகிற நாட்களில் இந்த அளவுகள் பலமுறை மீறப்படுகின்றன. தமிழர் பலர் வாழ்கிற பகுதிக்கு அருகே, பிக்கரிங் நகரத்தில் 'பிரெஞ்சுக்காரன் விரிகுடா' என்று பெயர்பெற்ற நீர்நிலை ஒன்று உண்டு. 401ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து வழிகிற உப்பு அதை எப்படிக் கெடுக்கிறது என்பதை டொராண்டோ பல்கலைக்கழக நிலவியலாளர்கள் 2010ஆம் ஆண்டு ஆராய்ந்து எழுதினார்கள். நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கிற வாட்டர்லூ வட்டாரத்தில் குடிநீர்க் கிணறுகளின் உப்பு ஆண்டுக்காண்டு ஏறிவருகிறது.

அமெரிக்காவின் பிளிண்ட் நகரத்துக்கு நேரிட்டதும் நினைவுகூரத்தக்கது. 2014 ஏப்ரலில் அந்நகரம் பிளிண்ட் ஆற்று நீரைக் குடிநீராக்கியது. குளோரைடு மிகுந்த அந்த நீரில், குழாய்களைக் காக்கிற மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக்குழாய்கள் கரைந்து பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. சாலை உப்பு அதற்கு ஒரே காரணமன்று. ஆற்றில் குளோரைடு மிகுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வூரின் கார் எஞ்சின் தொழிற்சாலை, இந்த நீர் எங்கள் உதிரிப்பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை ஏழை ஜனங்கள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள்.

காட்டு விலங்குகளும் இதற்குத் தப்பவில்லை. ராமாபுரத்துக் காடுகளில் யானையும் மானும் உவர்மண்ணைத் தேடிப்போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுபோலவே கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் மூஸ் என்னும் பெரிய மான்கள், நிறுத்தியிருக்கிற கார்களின்மேல் படிந்த உப்பை நக்க வருகின்றன. சாலைக்கு வந்து பழகின விலங்கு ஒருநாள் ஓடுகிற வண்டிக்கு முன்னும் வந்து நிற்கும். ஆகையால் கார்களை நக்கவிடாதீர்கள் என்று 2020ஆம் ஆண்டில் அங்கே அறிவிப்புப் பலகையே வைத்தார்கள்.

ஒரு குவளை போதும்

அரசாங்கம் இடுகிற உப்பு ஒருபுறமிருக்க, கடைகளும் வீடுகளும் ஆலயங்களும் தங்கள் வாசலில் இடுகிற உப்பு ஏராளம். யாராவது வழுக்கி விழுந்து வழக்குத் தொடுத்தால் என்ன செய்வது என்னும் பயத்தினால், ஒரு பிடி போதுமான இடத்தில் ஒரு மூட்டையைக் கொட்டுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம் இதற்கு ஒரு வழி கண்டது. அளவறிந்து உப்பிடப் பயிற்சிபெற்றுச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பைச் சட்டத்தின்மூலம் கொடுத்தது.

ஞாயிறு காலை சபையார் வருவதற்கு முன்பே வந்து வாகன நிறுத்துமிடத்தைச் சுத்தம்பண்ணுகிற வாலிபர்கள் அங்கே ஒவ்வொரு சபையிலும் உண்டு. அவர்களுடைய உழைப்பு அருமையானது. அவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: முதலில் வாருங்கள், பிறகு தூவுங்கள். பனியை வாராமல் அதன்மேல் உப்பைக் கொட்டுவது வீண். இருபதடி நீளமுள்ள வீட்டு வண்டிப்பாதைக்குப் பெரிய காபிக் குவளை ஒன்று நிறைய உப்பு போதும். கற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளிவிட்டுச் சிதறியிருக்கவேண்டும். தரை காய்ந்தபின் எஞ்சியிருக்கிற உப்பைக் கூட்டியெடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். கடுங்குளிர் நாளில் உப்பை விட்டு மணலைத் தூவுங்கள். முதியவர்கள் இறங்குகிற படியிலும் சரிவிலும் தாராளமாயிருங்கள். ஒருவரும் நடக்காத மூலையில் ஒரு கல்லும் வேண்டாம்.

உப்பைக் குறித்துப் பிரசங்கம் கேட்டுப் பழகின நமக்கு, அளவு என்பது புதிய பாடமல்ல. குழம்பில் உப்பு குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கூடிவிட்டால் எடுக்க முடியாது என்பதை நம்முடைய தாய்மார் அடுப்பங்கரையில் சொல்லிக்கொடுத்தார்கள். ஓடைக்கும் கிணற்றுக்கும் அதே நியாயம்தான்.

போகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும்

குளிர்காலத்தில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தாய்மாரே, உங்கள் சேலையின் கீழ்விளிம்பில் வெள்ளைக்கோடு படியும்; அது உப்பு. அன்றன்றே வெதுவெதுப்பான நீரில் அலசிவிடுங்கள். தோல் காலணியில் படிந்த உப்பைச் சிறிது வினிகர் கலந்த நீரால் துடைக்கலாம். வழுக்காத அடியுள்ள பூட்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். சிறுசிறு அடியாக, பாதம் முழுவதையும் ஊன்றி நடங்கள். கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தால், வழுக்கும்போது சமாளிக்க முடியாது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே இருக்கிறவர்களே, ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறீர்கள், நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் அதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்கால டயர் நான்கும் போட்டாயா? வண்டியின் அடிப்பகுதியைக் கழுவினாயா? இன்றைக்கு வேலைக்குப் போக அரைமணி நேரம் முன்னதாகப் புறப்பட்டாயா? நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்னும் அவசரமே அந்தச் சாலைகளில் மிகுந்த ஆபத்து. ஒரு நாள் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, சாலை தெளிந்தபின் போ என்று தகப்பனும் தாயும் சொன்னால், தூரதேசத்தில் தனியே இருக்கிற பிள்ளைக்கு அது மிகுந்த ஆறுதலாயிருக்கும். கடனை அடைக்கவேண்டும், வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்னும் பாரத்தோடுதான் அவர்களில் பலர் அந்த விடியற்காலையில் வண்டியைக் கிளப்புகிறார்கள். அந்தப் பாரத்தைக் குறைக்க உங்களுடைய அந்த ஒரு வார்த்தை போதும். அதை இன்றைக்கே சொல்லுங்கள்.